தடுக்கப்பட்ட குன்றும் இடிந்த கோட்டையும்



கோட்டை என்றதும் நம் பாட்டன் பாட்டிமார் சொன்ன செஞ்சிக் கோட்டையும், அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டையும் நினைவுக்கு வரும். தோட்டத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மலாக்காவின் பழைய போர்த்துக்கீசியக் கோட்டை வாயில் நினைவுக்கு வரலாம். பள்ளிச் சுற்றுலா என்றால் அந்த வாயிலின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை அல்லவா?

சிங்கப்பூரிலும் இப்படி ஓர் இடிந்த கோட்டை உண்டு. ஆனால் நம்மவர்களில் பலர் அதைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூருக்கு வந்தால் சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, துணிக்கடை, நகைக்கடை என்று சுற்றிவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் தோபி காட். இறங்கிச் சிறிது நடந்தால் மரங்கள் அடர்ந்த ஒரு குன்று வரும். அதற்குப் போர்ட் கென்னிங் என்று பெயர். இன்று அந்தக் குன்றின்மேல் உங்களை அழைத்துப் போகிறோம்.

குன்றில் ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் கொஞ்சம் நிற்போம். தோபி காட் என்ற பெயரைக் கேட்கும்போதே விளங்கிவிடும். சென்னைப் பக்கத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்தார்கள். அந்த ஓடை இன்று கால்வாயாகிச் சாலைக்கு அடியில் மறைந்துவிட்டது. நம்மவர்கள் துணி துவைத்த அந்த ஓடைக்கு அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வேலை இருந்தது. அது ஓர் அரச நகரத்தின் அகழியாக இருந்தது. அதன் கரையோரமாகக் கடலிலிருந்து குன்றின் அடிவாரம் வரை மண்மதில் ஒன்று நீண்டு கிடந்தது.

அந்த மதிலைக் கண்ணால் பார்த்து அளவோடு எழுதிவைத்தவர் ஜான் கிராபர்ட் என்ற ஆங்கிலேயர். 1822-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சயாம் நாட்டுக்குத் தூதராகப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். கப்பல் நின்ற நேரத்தில் குன்றைச் சுற்றிப் பார்த்தார். மதிலின் அடிப்பகுதி ஏறக்குறைய 16 அடி அகலம். உயரம் எட்டு ஒன்பது அடி. குன்றின்மேல் ஏறியபோது சிதைந்த செங்கல் அடித்தளங்கள் எங்கும் கிடந்தன. உச்சிக்கு அருகில் பக்கத்துக்கு நாற்பது அடி அளவில் ஒரு சதுர மேடை இருந்தது. அதைச் சுற்றிப் பதினான்கு பெரிய மணற்கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மரத்தூண் நிறுத்துவதற்கான குழி. உடைந்த பீங்கான்களும் சீனச் செப்புக் காசுகளும் மண்ணில் கலந்து கிடந்தன.

தோட்டத்து மக்களாகிய நமக்குப் பிடிக்கும் ஒரு செய்தியையும் அவர் எழுதியிருக்கிறார். குன்றுச் சரிவில் டுரியான், ரம்புத்தான், டுக்கு, பம்பளிமாசு மரங்கள் நின்றன. யாரோ நட்டு வளர்த்த பழைய தோட்டம் அது. ஆனால் பராமரிப்பார் இல்லாமல் பல தலைமுறை கடந்ததால், டுரியானும் ரம்புத்தானும் தவிர மற்றப் பழங்கள் அடையாளம் தெரியாதபடி கெட்டுப்போயிருந்தன. மரத்தைப் பார்த்தே தோட்டத்தின் வயதைச் சொல்லும் நம் பெரியவர்களுக்கு, கல்வெட்டு இல்லாமலேயே இந்த ஒரு செய்தி போதும். இங்கே ஊர் இருந்திருக்கிறது; ஊர் அழிந்தும் நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

மலாய் மக்கள் இக்குன்றைப் புக்கிட் லாராங்கான் என்று அழைத்தனர். தடுக்கப்பட்ட குன்று என்று பொருள். பழைய காலத்து அரசர்களின் மாளிகை இங்கே இருந்தது. அனுமதியின்றி எவரும் ஏறக்கூடாது என்பது மரபு. 1819-இல் ஆங்கிலேயர் வந்தபோதும் அந்த அச்சம் மறையவில்லை. அவர்களின் தலைவர்களில் ஒருவரான மேஜர் பார்க்குவார் ஏற விரும்பியபோது, அங்கே முரசொலியும் மனிதர் குரலும் கேட்கும் என்று சொல்லி மலாய்க்காரர்கள் தயங்கினார்கள். பார்க்குவார் பீரங்கி ஒன்றை மேலே இழுத்துச் சென்று, பன்னிரண்டு முறை வெடித்து, கொடியும் ஏற்றினார். இந்தச் செய்தியை நமக்குச் சொல்பவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், அரபு, தமிழ் மரபுகளில் வந்தவர், தமிழும் கற்றவர். மலாய் இலக்கியத்தில் அவர் பெயர் பெரிய பெயர்.

இந்தப் பார்க்குவார்தான் 1807-இல் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தவர் என்பதையும் நினைவில் கொள்வோம். நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு வாயில், அவருடைய வெடிக்குத் தப்பியது.

சரி, இந்தக் குன்றில் ஆண்டவர்கள் யார்? செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் ஒரு கதை சொல்கிறது. தமிழர் மேடைகளில் இக்கதை அடிக்கடி பாதியாகச் சொல்லப்படுகிறது. முழுவதையும் கேளுங்கள்.

இந்தியாவில் இராசா சூலன் என்று ஒரு பேரரசன். சில ஏடுகளில் சூரன் என்றும் எழுதியிருக்கிறது. உலகின் பெரும்பகுதியை வென்ற அவன் சீனத்தையும் வெல்லப் படையோடு புறப்பட்டுத் தெமாசிக் வரை வந்துவிட்டான். தெமாசிக் என்பது சிங்கப்பூரின் பழைய பெயர். செய்தி சீனப் பேரரசனுக்கு எட்டியது. அவன் போருக்குப் படை அனுப்பவில்லை. ஒரு பழைய கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை நிரப்பினான். காய்த்துக் குலுங்கும் மரங்களை அதில் நட்டான். பல் விழுந்த கிழவர்களை ஏற்றி அனுப்பினான். தெமாசிக்கில் சூலனின் ஆட்கள் கப்பலை மறித்து, சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். கிழவர்கள் சொன்னார்கள்: “நாங்கள் புறப்படும்போது பன்னிரண்டு வயதுப் பையன்கள். இந்த மரங்கள் விதையாக இருந்தன. இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன. துரு தின்று இப்படி ஆகிவிட்டன.” சூலன் மலைத்துப்போனான். இனி எந்தக் காலத்தில் சீனம் போய்ச் சேர்வது என்று படையைத் திருப்பிக்கொண்டான்.

கதையில் வரும் சூலன் என்ற பெயரில் சோழன் என்ற பெயரின் எதிரொலி இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டையொட்டி ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது உண்மை வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, அவன் வென்ற ஊர்களைப் பட்டியலிட்டுச் சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. ஆனால் அந்தப் பட்டியலில் தெமாசிக் என்ற பெயர் இல்லை. செஜாரா மெலாயுவின் நாம் அறிந்த வடிவம் 1612-ஐச் சேர்ந்தது. சோழர் படையெடுப்புக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் பிந்தியது. ஆகவே சிங்கப்பூரைச் சோழன் பிடித்தான், இந்தக் கோட்டை சோழன் கட்டியது என்றெல்லாம் யாராவது முழங்கினால், கைதட்டுவதற்கு முன் ஆதாரம் கேளுங்கள். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மலாய் அரசர்கள் தங்கள் வம்சக் கதையில் அந்தப் பெயரை மூதாதையாக வைத்துப் போற்றினார்கள் என்பதே நமக்குப் போதுமான பெருமை. அவனையும் ஒரு கிழவர் கூட்டம் ஏமாற்றி அனுப்பியது என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் கதை முழுமையாகும்!

கதையை விட்டு ஆதாரத்துக்கு வருவோம். 14-ஆம் நூற்றாண்டில் தெமாசிக் ஒரு செழிப்பான துறைமுகம். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி இவ்விடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சயாமியர் எழுபது கப்பல்களில் வந்து தாக்கியபோது, ஊரார் வாயில்களை அடைத்துக்கொண்டு ஒரு மாத காலம் தாக்குப்பிடித்தார்கள் என்பது அவர் தரும் செய்தி. 1365-இல் எழுதப்பட்ட சாவகக் காவியமான நாகரகிருதாகமம், தெமாசிக்கை மஜாபாகித் பேரரசுக்கு உட்பட்ட நாடுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அந்த நூற்றாண்டின் இறுதியில் நகரம் வீழ்ந்தது. அதன் கடைசி அரசன் வடக்கே ஓடி, பின்னர் மலாக்காவைத் தோற்றுவித்தான் என்பது வரலாறு.

வீழ்ச்சிக்குக் காரணமாகச் செஜாரா மெலாயு சொல்வது நெஞ்சைச் சுடும் செய்தி. அரசனின் அதிகாரி ஒருவருடைய மகள்மேல் மற்றப் பெண்கள் பொறாமையால் கோள் சொன்னார்கள். அரசன் விசாரிக்கவே இல்லை. அவளைச் சந்தையில் கழுவேற்றினான். மகளைப் பறிகொடுத்த தகப்பன் எதிரிக்கு ஓலை அனுப்பிக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். சயாமியரின் எழுபது கப்பல்களால் திறக்க முடியாத கதவு அது. நூலாசிரியர் துரோகியைத் தண்டிக்க மறக்கவில்லை. அவன் கல்லாகிவிட்டான் என்கிறார். ஆனால் முதல் குற்றம் யாருடையது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாரே, அதற்காக அவரை மெச்ச வேண்டும்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய எழுத்துப் பாறை இருந்தது. ஏறத்தாழ பத்தடி உயரம். ஐம்பது வரி எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. 1843-இல் அதை வெடிவைத்து உடைத்துவிட்டார்கள். முன்ஷி அப்துல்லா இதை எண்ணி மிகவும் வருந்தி எழுதியிருக்கிறார். எஞ்சிய ஒரு துண்டு, இதே குன்றின் அடிவாரத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சோழப் பட்டப்பெயரின் எழுத்துகள் தெரிவதாக 2019-இல் ஓர் ஆய்வாளர் கருத்துத் தெரிவித்தார். அறிஞர் உலகம் அதை இன்னும் முடிவாக ஏற்கவில்லை. கல் முழுதாக இருந்திருந்தால் இந்த வழக்கு என்றோ தீர்ந்திருக்கும்.

இப்போது குன்றின் உச்சிக்கு வந்துவிட்டோம். ஆங்கிலேயர் காலத்தைப் பார்ப்போம். ராபிள்ஸ் 1822-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஒரு வீடு கட்டிக்கொண்டார். குன்றையொட்டி, சாதிக்காய், கிராம்பு முதலிய பணப்பயிர்களைச் சோதித்துப் பார்க்க ஒரு தாவரத் தோட்டமும் போட்டார். அது 1829-இல் கைவிடப்பட்டது. அதே நோக்கத்தோடு பின்னால் வேறிடத்தில் உருவான தாவரத் தோட்டத்துக்குத்தான் 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. அந்தக் கன்றுகள் நம் குடும்பங்களை எங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

1857-இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் அதிர்ச்சி சிங்கப்பூர் வரை எட்டியது. ஊரில் கலகம் வந்தால் வெள்ளைக்காரர் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும். கடலில் எதிரி வந்தால் சுட ஒரு மேடை வேண்டும். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் கோலியர் திட்டம் போட்டார். 1859-இல் ராபிள்ஸ் வீட்டை இடித்து, குன்றின் தலையைச் சமன்படுத்தி, வேலையைத் தொடங்கினார்கள். கிராபர்ட் பார்த்த பழைய இடிபாடுகளில் பெரும்பகுதி இப்படித்தான் மண்ணோடு மண்ணாயிற்று. 1861-இல் கோட்டை முடிந்தது. இந்தியாவின் முதல் வைசிராய் கென்னிங் பிரபுவின் பெயரை அதற்கு இட்டார்கள்.

கோட்டையில் 68 இராத்தல் குண்டு எறியும் ஏழு பீரங்கிகளும் வேறு பல பீரங்கிகளும் இருந்தன. ஆயினும் பயனில்லை. குன்று கடலிலிருந்து தள்ளி இருந்ததால் தூரத்துக் கப்பலைச் சுட இயலாது. எதிரி திருப்பிச் சுட்டால் இடையில் உள்ள ஊர்தான் பாழாகும். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீரும் போதாது. கோலியரின் மடமை என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அந்தக் கோட்டைப் பீரங்கிக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? காலை 5 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வெடித்து நேரம் சொல்வது! தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிப்பதுபோல ஊருக்கே ஒரு மணி. 1907-இல் கோட்டையில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். இன்று நாம் காண்பது தடித்த மரக்கதவு பொருத்திய ஒரு வாயில், கொஞ்சம் மதில், காவலர் இரகசியமாக வெளியேறும் ஒரு சிறு வழி, சில பழைய பீரங்கிகள், அவ்வளவுதான். செஞ்சியை நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆனால் அந்த வாயிலில் நின்று கீழே பாருங்கள். அதே காலத்தில் எழுந்த வேறு கட்டடங்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் யார்?

1825 ஏப்ரலில் சென்னைக் கைதிகள் 80 பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகளும் வந்தார்கள். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1873 வரை, இந்தியக் கைதிகள்தாம் சிங்கப்பூரின் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை நிரவினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். குன்றுக்குக் கிழக்கே வெள்ளை வெளேரென்று நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவேலை. சென்னைச் சுண்ணாம்பு என்ற பூச்சால் அதைப் பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றும் முறை. நம்மூர்க் கொத்தனார்களின் பழைய வித்தை. ஆளுநருக்காக எழுந்து இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1867-க்கும் 1869-க்கும் இடையில் அக்கைதிகளின் உழைப்பால் எழுந்ததே.

அந்தச் செங்கற்கள் எங்கே வெந்தன? சிராங்கூன் சாலையில்! நீங்கள் இன்று சேலை வாங்கும் அதே சாலைதான். அரசாங்கச் செங்கற்சூளை 1858-இல் அங்கே தொடங்கியது; கைதிகள் அறுத்த செங்கற்களுக்கு 1867-இல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. சுண்ணாம்புக் காளவாய்களும் அப்பகுதியில் இருந்தன. சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழர்கள் அவ்விடத்தை அழைத்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1819-இல் ராபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையும் செங்கற்சூளை வைத்தே முன்னேறினார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827-இல் தொடங்கியவர் அவர்தான். சிங்கப்பூரில் தமிழன் கால் ஊன்றிய கதையைச் சோழனிடம் தேடுவதைவிடச் சூளையில் தேடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. அங்கே ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை.

கோட்டை போன இடத்தில் நகரத்துக்குக் குடிநீர்த் தேக்கம் கட்டினார்கள். அதற்காக 1928-இல் மண் தோண்டியபோது, கோட்டை கட்டியவர்களின் மண்வெட்டிக்குத் தப்பிய தங்க நகைகள் வெளிப்பட்டன. தோள்வளையில் உருட்டு விழியோடு ஒரு காலமுகம் செதுக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் சாமிக்குப் பின்னால் நிற்கும் திருவாசியின் உச்சியில் ஒரு கீர்த்திமுகம் இருக்குமே, அதன் உறவுதான் இது. சாவகத் தட்டாரின் கைத்திறம். 14-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அதை நீங்களே பார்க்கலாம்.

குன்றுக்கு அடியில் போர்ப் பெட்டி என்று ஒரு பாதாளக் கட்டளையகம் உண்டு. 1942 பிப்ரவரி 15 காலை, தளபதி பெர்சிவல் தம் அதிகாரிகளை அங்கே கூட்டிப் பேசினார். ஜப்பானியர் நகரை நெருங்கிவிட்டனர். குழாய்கள் உடைந்து ஊரில் தண்ணீர் தீரும் நிலை. அன்று மாலையே புக்கிட் தீமா போர்ட் தொழிற்சாலையில் சரணாகதிக் கையெழுத்து ஆயிற்று. தண்ணீருக்கு வழியில்லாத கோட்டை என்று ஒரு காலத்தில் பரிகசிக்கப்பட்ட குன்றிலேயே இந்த முடிவும் எடுக்கப்பட்டது. அந்த அறையில் எடுத்த முடிவு தோட்டங்களில் எப்படி வந்து விடிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பெயரைச் சொல்லிப் படையல் வைக்கும் வீடுகள் நம்மிடையே இருந்தன. 1997-இல் அந்தப் பாதாள அறைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

இறுதியாக ஓர் இடத்தைக் காட்டிவிட்டு இறங்குவோம். குன்றின் ஒரு சரிவில் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று மக்கள் வணங்கும் கெராமாட் ஒன்று உண்டு. அதன் அருகில் 1984 ஜனவரியில், ஜான் மிக்சிக் என்ற தொல்லியல் அறிஞர் தலைமையில் சிங்கப்பூரின் முதல் அகழ்வாய்வு நடந்தது. 14-ஆம் நூற்றாண்டு மண் அடுக்கு அங்கே கலையாமல் இருந்தது. அதன்பின் பல முறை தோண்டினார்கள். சீனப் பீங்கான் வந்தது; திசைகாட்டும் எழுத்துகள் வரைந்த கிண்ணம் ஒன்று வந்தது; கண்ணாடி மணிகள் வந்தன. இவற்றோடு சாதாரண மண்சட்டி ஓடுகளும் ஏராளமாக வந்தன. ஈரமண்ணைப் பலகையால் தட்டி வனைந்த சட்டிகள். பலகையில் வெட்டிய கோலம் ஓட்டின்மேல் அப்படியே பதிந்திருக்கிறது. அரசனின் மாளிகையில் உலை வைத்தவர்கள் போட்டு உடைத்த சட்டிகளாக இருக்கலாம். தோண்டிய குழி ஒன்றைக் கூரை போட்டு அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை.